பூசையில் வைத்த இரும்பு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி இருக்கும். ஆரணி தன் அறையில் மேசை லாச்சியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நான் குசினியில் நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். லாச்சி இழுபடும் சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. உரித்த கிழங்கையே எடுத்து மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அம்மா, என்ட லாச்சிக்குள்ள ஒரு கறுத்த இரும்பு இருந்தது. கண்டனீங்களோ?"

"என்ன இரும்பு?" என்றேன்.

என்ன இரும்பு என்று எனக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடக் கார் ஓட்டத்தில், கோயிலில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், பிள்ளைகளின் கொப்பிகளுக்கு நடுவே மஞ்சள் துணியில் சுற்றியபடி இருந்தது. கொண்டுபோய் வைத்தவள் நான்.

ஆரணி என் ஒரே மகள். அப்போது அவளுக்கு இருபது வயது. சுவிஸ் இராணுவத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் ஆண்பிள்ளைகளுக்கு அது கட்டாயம், பெண்பிள்ளைகள் விரும்பினால் போகலாம். என் மகள் விரும்பினாள். விரும்பாமல் இருக்கச் சொல்லி நான் வைக்காத நேர்த்தி இல்லை.

இங்கே படையில் இருப்பவர்கள் துவக்கை, அதுதான் துப்பாக்கியை, வீட்டுக்கே கொண்டுவருவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேர ரெயின்களைப் பார்த்தால் தெரியும். தோளில் துவக்கு, கையில் அழுக்கு உடுப்புப் பை, மற்றக் கையில் சொக்கலேட் பால் என்று பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டு போவார்கள். பக்கத்தில் இருப்பவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். எங்களைப்போன்ற ஆட்கள் மட்டும் மெதுவாக எழும்பி அடுத்த பெட்டிக்குப் போவோம்.

வீட்டுக்கு வந்ததும் ஆரணி துவக்கை நிலக்கீழ் அறையில் வைத்துப் பூட்டுவாள். அதன் உள்ளே முன்னும் பின்னும் ஓடும் ஒரு இரும்புத் துண்டைக் கழற்றித் தன் அறை லாச்சியில் வைப்பாள். இங்கே அதை ஃபெர்ஷ்லுஸ் என்பார்கள். அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் தடி. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்பது சட்டம்.

ஆறு பத்து ரெயினைப் பிடித்தால்தான் நேரத்துக்கு முகாமுக்குப் போய்ச் சேரலாம். அந்த இரும்பு இல்லாமல் போனால் விசாரணை. ஆயுதத்தின் பாகத்தைத் தொலைத்தவள் என்று அவளுடைய பெயரில் எழுதிவிடுவார்கள். அவள் அதைச் சொல்லிக்கொண்டே கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடினாள். நான் கிழங்கைக் கீழே வைத்தேன்.

போன கிழமை இந்தப் பத்தியில், நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, 'நீங்கள் எதற்கும் பயப்படாத பெண்' என்று கடிதம் போட்டிருந்தார். அவருக்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முட்டைப் பந்து

எல்லாம் ஒரு பந்தில் தொடங்கியது.

என் தங்கை மெல்பேர்னில் இருக்கிறாள். ஆரணி படிப்பை முடித்த கையோடு ஆங்கிலம் பழகச் சித்தி வீட்டுக்குப் போய் ஆறு மாதம் நின்றாள். ஆங்கிலம் எவ்வளவு வந்ததோ தெரியாது, திரும்பி வரும்போது பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவே ஒரு சிவப்புத் தோல் பந்து இருந்தது. உருண்டையாக இல்லை, முட்டை போல. ஆரோ ஏறி மிதித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அது அவுஸ்திரேலியர்கள் மட்டும் விளையாடும் ஒரு காற்பந்து. பெயர்தான் காற்பந்து. கையால் பிடிப்பார்கள், பொத்திய கையால் குத்தி எறிவார்கள், ஓடும்போது நிலத்தில் தட்டித் தட்டி ஓடுவார்கள். இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். வலை கிடையாது. உயரத்தில் வரும் பந்தைப் பிடிப்பதற்காக அடுத்தவரின் தோளில் முழங்காலை ஊன்றி ஏறலாம். அதற்குத் தண்டனை இல்லை, கைதட்டல்தான் கிடைக்கும்.

சுவிஸில் இதை விளையாடும் பெண்கள் எல்லோரையும் சேர்த்தால் ஒரு பேருந்து நிறையாது. சூரிச்சுக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளியில் கூடுவார்கள். ஆரணி எங்கள் ஊரான வில் நகரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெயினேறிப் போவாள். அந்தக் குழுவில் முதல் தமிழ்ப் பிள்ளை அவள்தான் என்று சொல்லிப் பெருமைப்பட்டாள். இரண்டாவது ஒருத்தி வரப்போவதில்லை என்று நான் சொன்னேன்.

ஒருமுறை பார்க்கப் போனேன். தேத்தண்ணிப் போத்தலோடு கோட்டோரம் நின்றேன். ஆரணி ஓடிவந்து ஒரு பொன்முடிக்காரியின் தோளில் ஏறி, வானத்தில் ஒரு கணம் நின்று, பந்தைப் பிடித்துக்கொண்டு முதுகு அடிபட விழுந்தாள். நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டேன். இரண்டு பக்கப் பிள்ளைகளும் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நடுவர் ஊதுகுழலை வாயில் வைத்தபடி நின்றார். அப்படிப்பட்ட சம்பவத்துக்கு அவர்களிடம் விதி இருக்கவில்லைப் போல.

அந்தக் கிழமை முழுவதும் மகள் என்னோடு கதைக்கவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்

பந்தோடு அவள் ஒரு கதையையும் கொண்டுவந்திருந்தாள். அந்தக் கதைதான் என்னைக் கவிழ்த்தது.

தங்கை வீட்டுக்குக் கிட்ட ஒரு பழைய மைதானம். அங்கே நடைவழிச் சுவரில் அந்தக் கழகத்தின் முதல் முதல் ஆட்டக்காரர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. நூறு வருடங்களுக்கு மேல் இருக்குமாம். ஒரு படத்தில் கையில்லாத சட்டையோடு ஒரு இளந்தாரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மீசை வைக்க ஆசைப்பட்டிருக்கிறார், ஆனால் சரியாக முளைக்கவில்லை. இரண்டு படச்சட்டம் தள்ளி அதே முகம், இராணுவத் தொப்பியோடு.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஆரணிக்கு அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பேக்கரியில் வேலை செய்தவர். காலையில் பாண் சுட்டுவிட்டுப் பின்னேரம் விளையாட வருவாராம். ஆள் நெட்டை இல்லை, ஆனால் பாய்ந்தால் எல்லோருக்கும் மேலே நிற்பாராம். அந்தக் கழகம் தொடங்கிய நாளில் பெயர் கொடுத்த பதினெட்டு இருபது பேரில் ஒருவர். முதலாம் உலகப் போர் வந்தபோது குழுவில் பாதிப்பேர் ஒரே நாளில் படையில் சேர்ந்திருக்கிறார்கள், இவரும் போனார். கப்பலின் மேல்தட்டில் எல்லோரும் சேர்ந்து பந்தடித்து, பந்து கடலில் விழும்வரை விளையாடினார்களாம்.

ஆரணி இதைச் சொல்லும்போது கண் மினுங்கும். நான் கேட்டது ஒன்றுதான்.

"திரும்பி வந்தவரோ?"

"வந்தவர் அம்மா. ஆனால் பிறகு விளையாடேல்லை. மைதானத்துக்கு வருவாராம். வேலிக்கு வெளியில நிண்டு பாப்பாராம். சனம் சத்தம் போட்டால் விலகிப் போயிடுவாராம்."

"அவரின்ட தாய்?"

"அதைப்பற்றி ஒண்டும் எழுதியிருக்கேல்லை."

எழுதியிருக்கமாட்டார்கள். தாய்மார் படத்தில் நிற்பதில்லை.

இந்தக் கதையைச் சொன்ன அதே சாப்பாட்டு மேசையில் இருந்துதான், அடுத்த கோடையில், படையில் சேரப்போகிறேன் என்று சொன்னாள். நான் அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன், மெல்பேர்ன் தங்கைக்குப் போன் எடுத்து ஏசினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"அவையள் எல்லாரும் ஒண்டாப் போனவை அம்மா," என்றாள். "இஞ்ச என்ட வகுப்புப் பெடியள் எல்லாரும் போறாங்கள். நான் மட்டும் ஏன் நிக்கவேணும்? நானும் இஞ்சதானே பிறந்தனான்."

"நாங்கள் ஏன் இஞ்ச வந்தனாங்கள் எண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும். ஆமிக்குப் பயந்து. ஆனால் இது அந்த ஆமி இல்லை."

என் கணவரும் அங்கேதான் இருந்தார். ஆலையில் இரவு வேலைக்குப் போவதற்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இவர் பெரிய கேள்விகள் வரும் நேரமெல்லாம் சப்பாத்துத்தான் கட்டுவார்.

எங்கள் வீட்டுப் பந்துக்காரன்

ஊரில் என் அண்ணனும் பந்து விளையாடியவன். உருண்டைப் பந்து. பாடசாலைக் குழுவில் பந்துக்காப்பாளன். அவனுடைய கைகள் எப்போதும் உரசுப்பட்டு இருக்கும், அம்மா தேங்காயெண்ணெய் பூசிவிடுவா. ஒருநாள் பயிற்சிக்குப் போனவன் வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தது.

பிறகு ஒரேயொருமுறை வந்தான். துவக்கை மடியில் வைத்துக்கொண்டு சோறு தின்றான். நான் பக்கத்தில் இருந்து விசிறினேன். சோற்றுக் கோப்பைக்கும் அந்தக் குழாய்க்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை, உடலும் வரவில்லை. வந்ததெல்லாம் மற்றப் பக்கத்து இராணுவச் சீருடைகள்தான். வீட்டுக்குள் வந்து, ஆட்களை எண்ணி, அட்டைகளைப் பார்த்து, அண்ணன் எங்கே என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இதையெல்லாம் ஆரணிக்குச் சொல்லியிருக்கிறேன். நாலு வரியில் சொல்லியிருக்கிறேன். நாலு வரியில் சொன்னால் நாலு வரி அளவுக்குத்தான் விளங்கும், அது பிள்ளையின் பிழை இல்லை.

பக்தி பாதி, களவு பாதி

நவராத்திரியின் கடைசி நாட்கள் அந்த வார இறுதியில் வந்தன. எங்கள் கோயில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே கார்களுக்கு ரயர் மாற்றுவார்கள், மேலே மணி அடிக்கும். சரஸ்வதி பூசைக்கு எல்லோரும் பிள்ளைகளின் புத்தகங்களைக் கொண்டுபோய் வைப்போம். தையற்காரர் கத்தரிக்கோல் வைப்பார், சமையல் வேலை செய்பவர்கள் கத்தி வைப்பார்கள். வைத்ததை விசயதசமி காலையில் பூசை முடித்துத்தான் எடுக்கலாம். அதற்கு முன் தொடுவதில்லை.

சனிக்கிழமை காலை ஆரணி குளித்துக்கொண்டிருந்தபோது லாச்சியைத் திறந்தேன். அந்த இரும்பு நான் நினைத்ததைவிடக் கனமாக, குளிராக இருந்தது. எண்ணெய் மணத்தது. மஞ்சள் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

தொழில் செய்யும் ஆயுதத்தைச் சரஸ்வதித் தாயின் காலடியில் வைத்தால் அது வைத்தவரைக் காக்கும். அதை நான் நம்புகிறேன், இப்போதும் நம்புகிறேன். அது பாதி. மற்றப் பாதியை இதுவரை எவரிடமும் சொல்லவில்லை. விசயதசமி செவ்வாய்க்கிழமை. அதுவரை அந்த இரும்பை எவரும் தொடமுடியாது. துவக்கு வெறும் தடியாக இருக்கும், பிள்ளை ஞாயிற்றுக்கிழமை போகமுடியாது, போகாவிட்டால் படையால் விலக்கிவிடுவார்கள். இப்படி ஒரு கணக்குப் போட்டேன். ஐம்பது வயதுப் பெண் போடும் கணக்கா இது என்று கேட்காதீர்கள். பயம் பிடித்தவளுக்கு வயது ஏது?

விலக்கமாட்டார்கள், விசாரிப்பார்கள் என்பது ஞாயிறு நாலு மணிக்கு அவள் வாயால் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கோயிலுக்குள் வந்த சீருடை

"ஆரணி, தேடாதை. அது கோயிலில இருக்கு," என்றேன்.

அவள் கட்டிலுக்குக் கீழேயிருந்து எழும்பி என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. "எத்தினை மணிக்குத் திறப்பினம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சீருடையைப் போடத் தொடங்கினாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இவர் காரை எடுத்தார். துவக்கு காரின் பின்பெட்டியில். கோயிலடியில் அதைத் தனியே விடக்கூடாது என்பதால் இவரும் ஆரணியும் காரிலேயே இருந்தார்கள். நான் மட்டும் படியேறினேன்.

ஐந்து மணிக்குத் திறந்து பூசை தொடங்கிவிட்டது. பூசைக்கு நடுவே ஐயரைக் கூப்பிடமுடியாது. நாற்பது பேர் வரை இருந்தார்கள். நான் கும்பிடாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தீபம் காட்டி முடியும்போது ஐந்தரை தாண்டிவிட்டது. கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன்.

"ஐயா, நேற்று வச்ச மஞ்சள் துணிப் பொதி ஒண்டு. இப்ப எடுக்கவேணும்."

"என்னக்கா, தெரியாத மாதிரிக் கதைக்கிறீங்கள். செவ்வாய்க்கிழமை காலமை எடுக்கலாம்."

"அவசரம் ஐயா."

"அப்பிடி என்ன சாமான் அது?"

சுற்றி நின்ற பெண்கள் காது கொடுத்தார்கள். கோயிலில் எல்லோருக்கும் நான் சொல்லி வைத்திருந்தது, மகள் பேர்னில் படிக்கிறாள் என்று. சீருடையில் அவளைக் காணாதபடி வெள்ளிக்கிழமைகளில் வீட்டின் பின்வாசலால் வரச் சொல்லியிருந்தேன்.

"மகளின்ட படிப்புச் சாமான்," என்றேன்.

"படிப்புச் சாமானெண்டால் பிறகென்ன, வடிவா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஐயர் திருநீறு கொடுக்கத் திரும்பினார்.

ஐந்து நாற்பது. உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. அந்த நேரம்தான் என் பின்னால் கதைபேச்சு நின்றது. முதலில் கதவடியில் இருந்தவர்கள், பிறகு நடுவில் இருந்தவர்கள், பிறகு பிள்ளைகளும்.

ஆரணி கதவில் நின்றாள். பொறுமை போய் மேலே வந்துவிட்டாள். சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுச் சாம்பல் நிறக் காலுறையோடு நின்றாள். மேலே பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் கலந்த அந்த உடுப்பு. கூந்தல் இறுகக் கட்டியிருந்தது.

ஒரு தாய் தன் பெடியனைப் பின்னால் இழுத்தா. வேறு எவரும் அசையவில்லை.

கதவுக்குக் கிட்டக் கதிரையில் தம்பிராசா அண்ணை இருந்தார். எழுபது வயது தாண்டியவர், சுவிஸ் குடியுரிமை எடுத்துப் பல வருடங்கள். மெதுவாக எழும்பினார். சட்டைப் பைக்குள் கையை விட்டு அடையாள அட்டையை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்தபடி, என் மகளிடம் நீட்டினார்.

ஆரணிக்கு விளங்கவில்லை. ஏதோ தருகிறார் என்று நினைத்து வாங்கினாள். பார்த்தாள். பிறகு தானும் இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எனக்கு ஏன் ஐயா?"

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகிவிட்டது. "ஒண்டுமில்லைப் பிள்ளை. பழக்கம்," என்று சொல்லி அட்டையைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். இரண்டு தரம் முயன்றும் அது பைக்குள் போகவில்லை.

"ஆர் இந்தப் பிள்ளை?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ட மகள்," என்றேன். இந்த முறை சத்தம் வந்தது, தேவைக்கு மேலேயே வந்தது. "ஆமியில இருக்கிறாள். அவளின்ட துவக்கின்ட இரும்பைத்தான் நான் களவா எடுத்து இஞ்ச வச்சனான். அவளுக்குத் தெரியாது. ஆறு பத்துக்கு ரெயின்."

ஐயர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். ஒரு கற்பூரத்தை ஏற்றிக் காட்டினார். கொப்பிகளை விலக்கிப் பொதியை எடுத்து, மேலே ஒரு பூவை வைத்து அவள் கையில் கொடுத்தார். "கவனமாப் போட்டு வா, பிள்ளை," என்றார். அவர் ஒருவர்தான் அன்று அவளோடு வழமைபோலக் கதைத்தவர்.

மூன்றாம் மேடை

நிலையத்துக்கு வந்தபோது ஆறு மணியும் நாலு நிமிடமும். இவர் கார் நிறுத்தப் போய்விட்டார். ஆரணி துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு, இரும்பைத் துணியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இடுக்கெல்லாம் குங்குமம்.

"காலமை இன்ஸ்பெக்ஷன்," என்றாள். "என்னெண்டு சொல்லுறது இதை?"

"நான் போன் எடுத்துக் கதைக்கட்டோ உன்ட பெரியவரோட?"

"வேண்டாம் அம்மா. நீங்கள் செய்தது காணும்."

அவ்வளவுதான் ஏச்சு. இரும்பை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டே அவள் கேட்டாள்.

"அந்த ஐயா ஏன் அட்டையை நீட்டினவர்?"

சொன்னேன். றோட்டில், வீட்டில், பேருந்தில், அந்த உடுப்பைக் கண்டால் கை தானாக அட்டையைத் தேடும் என்றேன். தேடாத கைக்கு என்ன நடக்கும் என்றும் சொன்னேன். அண்ணனைக் கேட்டு வந்தவர்கள் அம்மாவை முற்றத்தில் முழங்காலில் இருத்தி வைத்ததைச் சொன்னேன். இந்த முறை நாலு வரி இல்லை. ரெயின் வருகிற அறிவிப்பு வரும்வரைக்கும் சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கிழமையளில நான் வரேக்க, நீங்களும் அப்பிடித்தானோ அம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"ஓம்," என்றேன். "நீ எண்டு தெரியும். ஆனால் முதல்ல உடுப்புத்தான் தெரியுது. முகம் பிறகுதான்."

ரெயின் வந்து நின்றது. கதவு திறந்தது. அவள் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அடுத்த கிழமை ரெயினிலயே உடுப்பை மாத்திக்கொண்டு வாறன்."

"அது உங்கட சட்டத்துக்குச் சரியோ?"

"இல்லை. பிடிச்சால் தண்டனை."

"அப்ப வேண்டாம். உடுப்போடேயே வா. முன்வாசலால வா," என்றேன். "நான் கதவு திறக்கக் கொஞ்சம் சுணங்கும். நிண்டுகொள்."